தலைமைப் பதவிக்கு ஆள் தேடுவது எப்படி: உள்ளே பேசி முடிப்பதிலிருந்து முதல் நூறு நாள் வரை

நூற்றுக்கணக்கான பேரை வேலைக்கு எடுத்துப் பழகிய மனிதவளத் துறைக்காரர்கள்கூட, முதன்முறையாக ஒரு நிதித் தலைவரையோ தலைமைச் செயல் அதிகாரியையோ தேடச் சொன்னால் தடுமாறுகிறார்கள். கைவந்த வரிசையிலேயே இதையும் செய்யப் பார்ப்பதுதான் காரணம்: விளம்பரம், விண்ணப்பம், வடிகட்டல், நேர்காணல், ஆஃபர்.

சாதாரண ஆளெடுப்பில் வேலை என்னவென்று எல்லோருக்கும் தெரியும், பலர் தாங்களாகவே வருவார்கள், பொருந்தாதவர்களைக் கழித்தால் போதும். மேல்மட்டத்தில் அப்படி இல்லை. வேலை என்ன என்பதிலேயே முடிவெடுப்பவர்களுக்குள் ஒத்த கருத்து இருக்காது. தகுதியானவர் வேறெங்கோ நல்ல நிலையில் இருப்பார், அவராக விண்ணப்பிக்க மாட்டார். நான் பார்த்தவரை, பாதியில் முறிந்த தேடல்கள் பெரும்பாலும் ஆள் கிடைக்காமல் முறியவில்லை. ஆள் கிடைத்த பிறகு, உள்ளே இருப்பவர்கள் ஒத்துப்போகாமல் முறிந்தன. அதனால் கீழே உள்ள படிகளில் முதல் இரண்டைத் தாண்டிக் குதிக்காதீர்கள்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

இடம் ஏன் காலியாகிறது என்பதற்கு உண்மையான பதில். வேட்பாளர் கேட்கும் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும். ஆளுக்கொரு பதில் சொன்னால் அங்கேயே நம்பிக்கை போய்விடும்.

சம்பளத்தின் மேல் வரம்பு, ஒப்புதலோடு. ‘நல்ல ஆள் கிடைத்தால் பார்த்துக்கொள்ளலாம்’ என்பது ஒப்புதல் ஆகாது.

காலக்கணக்கு. தேடலுக்கே நான்கு முதல் ஆறு மாதம் ஒதுக்குங்கள். அதற்கு மேல் நோட்டீஸ் காலம் மூன்று மாதம், சிலருக்கு ஆறு மாதம். அதுவரை இந்த நாற்காலியின் வேலையை யார் பார்ப்பது என்று இப்போதே முடிவு செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் நடுவில் அவசரம் பிடித்து, கிடைத்தவரை எடுக்கச் சொல்வார்கள்.

1. யார் முடிவெடுப்பது என்று எழுதி வையுங்கள்

ஒரு கிளை மேலாளரை எடுக்கும்போது அவருடைய மேலதிகாரி முடிவெடுக்கிறார். இங்கே நிறுவனர், இயக்குநர் குழு, முதலீட்டாளர், உடன் பணியாற்றப்போகும் மற்ற தலைவர்கள் என்று எல்லோருக்கும் கருத்து இருக்கும். யாருடைய கருத்து ஆலோசனை, யாருடையது வாக்கு, யாருக்குத் தடுக்கும் உரிமை உண்டு என்பதை ஒரு பக்கத்தில் எழுதிச் சுற்றுக்கு விடுங்கள். இறுதிச் சொல் ஒரே ஒருவருடையதாகவோ, பெயர் சொல்லி அமைத்த சிறு குழுவுடையதாகவோ இருக்கட்டும்.

அடிக்கடி நடக்கும் தவறு, பெரியவர் ஒருவரைக் கடைசிச் சுற்றுக்கு மட்டும் அழைப்பது. ஐந்து மாத உழைப்பை அவர் ஐந்து நிமிடத்தில் ‘எனக்கென்னவோ சரியாகப் படவில்லை’ என்று கலைத்துவிடுவார். தடுக்கும் உரிமை உள்ளவர், இறுதிப் பட்டியலில் இருக்கும் எல்லோரையும் நேரில் சந்தித்தே ஆக வேண்டும்.

பெரிய நிறுவனங்களிலும் இது நழுவியிருக்கிறது. 2010-இல் ஹியூலட் பேக்கர்டு நிறுவனம் லியோ அபோதேக்கரைத் தலைமைச் செயல் அதிகாரியாக நியமித்தபோது, இயக்குநர்களில் பலர் அவரைச் சந்திக்காமலேயே ஒப்புக்கொண்டார்கள் என்று பின்னாளில் செய்தி வெளியானது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் அவர் நீக்கப்பட்டார்.

2. முதல் பதினெட்டு மாத வேலையை எழுதுங்கள்

பழைய பணி விவரத்தை எடுத்துத் தேதியை மாற்றி அனுப்புவது எளிது. ஆனால் அது முன்பு இருந்தவருக்காக, முன்பு இருந்த நிலைமைக்காக எழுதியது. ‘இருபது ஆண்டு அனுபவம், தொலைநோக்கு, தலைமைப் பண்பு’ என்ற வரிகளை வைத்து யாரையும் தேர்ந்தெடுக்கவும் முடியாது, கழிக்கவும் முடியாது.

அதற்குப் பதிலாக இப்படிச் செய்யுங்கள். முடிவெடுப்பவர்கள் ஒவ்வொருவரையும் தனித்தனியாகச் சந்தித்து ஒரே கேள்வியைக் கேளுங்கள்: ‘பதினெட்டு மாதம் கழித்து, இவரை எடுத்தது சரிதான் என்று எதை வைத்துச் சொல்வீர்கள்?’ பதில்களை அவர்கள் வாய்ச்சொல்லிலேயே குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் எல்லாவற்றையும் அருகருகே வைத்துப் பாருங்கள்.

பெரும்பாலும் அதிர்ச்சியாக இருக்கும். ஒருவர் செலவைக் குறைக்க ஆள் கேட்பார், இன்னொருவர் புதிய சந்தையைத் திறக்க, மூன்றாமவர் நிறுவனத்தைப் பங்குச் சந்தைக்குக் கொண்டுபோக. இவை மூன்றும் வேறு வேறு ஆட்கள் செய்யக்கூடிய வேலை. இந்த முரண்பாட்டைத் தீர்க்காமல் தேடப் போனால், எந்த வேட்பாளரை நிறுத்தினாலும் ஒருவருக்காவது பிடிக்காது. வேட்பாளரிடம்தான் குறை என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். தனித்தனியாகக் கேட்கச் சொல்வதற்கும் காரணம் உண்டு. கூட்டத்தில் கேட்டால் முதலில் பேசும் மூத்தவரின் பதிலையே மற்றவர்களும் சொல்வார்கள்.

எல்லோரையும் உட்கார வைத்துப் பேசி, மூன்று அல்லது நான்கு விளைவுகளாகச் சுருக்குங்கள். முடிந்த இடத்தில் எண்ணோடு. அதே தாளில் அதிகாரத்தையும் எழுதுங்கள்: யாரையும் கேட்காமல் எவ்வளவு தொகைக்குக் கையெழுத்திடலாம், தனக்குக் கீழே உள்ளவர்களை எடுக்கவும் நீக்கவும் முடியுமா, எந்த முடிவு எப்போதும் நிறுவனரிடமே இருக்கும். மூன்றாவதாகக் கசப்பான சேதிகள்: ஓடிக்கொண்டிருக்கும் வழக்கு, வெளியேறத் துடிக்கும் துணைத் தலைவர், இரண்டு ஆண்டாக எட்டாத இலக்கு. இவற்றை மறைத்தாலும் மேல்மட்ட ஆட்கள் தங்கள் வட்டாரத்தில் விசாரித்துக் கண்டுபிடித்துவிடுவார்கள். அப்போது பிரச்சினையைவிட, மறைத்ததுதான் பெரிதாகத் தெரியும்.

இந்தத் தாள் இரண்டு பக்கத்தைத் தாண்டக் கூடாது. கடைசிப் படி வரை இது தேவைப்படும்.

3. உள்ளே இருப்பவரைப் பற்றி முதலில் முடிவு செய்யுங்கள்

உள்ளேயே தகுதியானவர் இருந்தால் வெளியே தேடுவதற்கு முன்பே அவரிடம் பேசுங்கள். அவர் போட்டியில் இருக்கிறார் என்றால் வெளியாட்களுக்கு என்ன கேள்வியோ அதே கேள்வி அவருக்கும். இல்லை என்றால் காரணத்தோடு நேரில் சொல்லிவிடுங்கள். ஒப்புக்கு ஒரு நேர்காணல் வைப்பது மோசமான வழி. அவருக்கு அது உடனே தெரிந்துவிடும், புதியவர் சேரும் வாரத்தில் இவர் ராஜினாமாக் கடிதம் கொடுப்பார்.

4. நீங்களே தேடுவதா, தேடல் நிறுவனத்திடம் கொடுப்பதா

துறை சிறியது, பொருத்தமானவர்களை உங்கள் இயக்குநர்களுக்கே தெரியும் என்றால் நீங்களே தேடலாம். போட்டி நிறுவனத்திலிருந்து அழைக்க வேண்டும், இடம் காலியாவது வெளியே தெரியக் கூடாது என்றால் நடுவில் ஒரு தேடல் நிறுவனம், அதாவது கட்டணம் வாங்கிக்கொண்டு ஆள் தேடித் தருபவர்கள், இருப்பது நல்லது.

கட்டணம் இரண்டு வகை. ஆள் சேர்ந்தால் மட்டும் பணம் என்பது ஒன்று. சாதாரணப் பணிகளுக்கு நீங்கள் பழகியது அதுதான். இன்னொன்று, தேடல் பொறுப்பை ஒரே நிறுவனத்திடம் ஒப்படைத்து முன்பணத்தோடு தொடங்குவது. இதில் வழக்கமான கட்டணம் முதல் ஆண்டு ஊதியத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. அதை மூன்று தவணையாகக் கேட்பார்கள்.

விலையைப் பார்த்து முதல் வகைக்கே போகலாம் என்று தோன்றும். மேல்மட்டத்துக்கு அது பொருந்தாது. சேர்ந்தால்தான் காசு என்னும்போது யாரும் வேலையில் திருப்தியாக இருப்பவரைத் தேடிப்பிடித்து மாதக்கணக்கில் பேசிக்கொண்டிருக்க மாட்டார்கள். ஏற்கெனவே வேலை தேடிக்கொண்டிருப்பவர்களின் விவரக்குறிப்புதான் வந்து விழும். அதோடு, மூன்று ஏஜென்சி ஒரே ஆளைக் கூப்பிட்டால் உங்கள் மானம் போகும்.

ஒப்பந்தத்துக்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். உண்மையில் போனில் பேசப்போவது யார்? விற்க வந்த மூத்தவரா, புதிதாகச் சேர்ந்த இளைஞரா? எந்தெந்த நிறுவனங்களிலிருந்து ஆள் எடுக்க உங்களுக்குத் தடை? தேடல் நிறுவனங்கள் தங்கள் வாடிக்கையாளர்களிடமிருந்து ஆள் இழுக்க மாட்டோம் என்று ஒப்புக்கொண்டிருப்பார்கள். பெரிய நிறுவனம் என்றால் பூட்டிய கதவும் அதிகம். நீங்கள் குறிவைக்கும் நான்கு நிறுவனங்களும் அவர்களுடைய வாடிக்கையாளர்கள் என்றால் அவர்களை அமர்த்துவதில் பொருளில்லை. மூன்றாவது, வந்தவர் சீக்கிரம் விலகினால் மறுபடி கட்டணமில்லாமல் தேடித் தருவார்களா, எத்தனை மாதம் வரை?

5. பெயர்களைச் சேர்த்து, முதல் அழைப்பைச் செய்யுங்கள்

போட்டியாளர்களின் பட்டியலோடு நின்றுவிடாதீர்கள். உங்கள் இரண்டு பக்கத் தாளில் உள்ள பிரச்சினையை ஏற்கெனவே சந்தித்துக் கடந்தவர்கள் யார் என்று தேடுங்கள். அவர்கள் வேறு துறையிலும் இருக்கலாம். அந்தத் துறையை அறிந்த மூத்தவர்களைக் கூப்பிட்டு ‘இந்த வேலைக்கு யாரைச் சொல்வீர்கள்?’ என்று கேட்டால் சில பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். முதல் பட்டியலில் ஐம்பது, அறுபது பேர் இருப்பது இயல்பு. இறுதியில் மூன்றிலிருந்து ஐந்து பேர்.

முதல் அழைப்பில் செய்யக் கூடாதவை சில. விவரக்குறிப்பு அனுப்பச் சொல்லாதீர்கள், அவர் வேலை தேடவில்லை. ‘எங்கள் நிறுவனத்தில் ஏன் சேர விரும்புகிறீர்கள்?’ என்று கேட்காதீர்கள், அவர் விரும்புவதாக இன்னும் சொல்லவே இல்லை. அவருடைய அலுவலக மின்னஞ்சலுக்கு எழுதவே எழுதாதீர்கள். பத்து நிமிடம் போதும்: பிரச்சினை என்ன, ஏன் அவர் நினைவுக்கு வந்தார், மேலே பேச விருப்பமா.

ரகசியம் காக்க வேண்டிய தேடல் என்றால், எந்தக் கட்டத்தில் நிறுவனத்தின் பெயரைச் சொல்வது, எப்போது ரகசியக் காப்பு ஒப்பந்தம் வாங்குவது என்பதை முன்பே எழுதி வையுங்கள். எவ்வளவு பொத்திவைத்தாலும் கசியும். கசிந்தால் யார், என்ன சொல்வது என்ற இரண்டு வரி முதல் அழைப்புக்கு முன்பே தயாராக இருக்கட்டும்.

6. முதலில் ஈர்ப்பது, பிறகு எடைபோடுவது

புதியவர்கள் இந்த இரண்டையும் ஒரே சந்திப்பில் கலக்கிறார்கள். சாதாரண வேலைக்கு வந்தவர் ஏற்கெனவே ஆசையோடு உட்கார்ந்திருக்கிறார், நேராகக் கேள்விக்குப் போகலாம். இங்கே முதல் ஓரிரு சந்திப்புகள், அவருக்கு உங்கள் பிரச்சினையில் ஆர்வம் வருகிறதா என்று பார்ப்பதற்கு. நிறுவனரோ இயக்குநரோ நேரில் பேச வேண்டும். அவர் ஆர்வம் தெரிவித்த பிறகுதான் எடைபோடத் தொடங்க வேண்டும். அப்போது தயங்கக் கூடாது.

தயக்கம் வரத்தான் செய்யும். இருபத்தைந்து ஆண்டு அனுபவம் உள்ளவரிடம் எழுதி வைத்த கேள்விகளைக் கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைத்துப் பலர் பொதுவாக அரட்டை அடித்துவிட்டு வருகிறார்கள். தேர்வு முறைகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து ஃபிராங்க் ஷ்மிட்டும் ஜான் ஹன்டரும் 1998-இல் வெளியிட்ட கட்டுரையிலேயே, எல்லோருக்கும் ஒரே கேள்விகள் வைத்து மதிப்பெண் போடும் நேர்காணல், வேலையில் ஒருவர் எப்படிச் செயல்படுவார் என்பதை, மனம்போன போக்கில் பேசுவதைவிட நன்றாகக் கணிக்கிறது என்று தெரிந்தது. பால் சாக்கெட்டும் குழுவினரும் 2022-இல் அந்தக் கணக்குகளைத் திருத்தினார்கள். பல முறைகளின் மதிப்பு இறங்கியது, ஆனாலும் இப்படிக் கேள்விகளை வரையறுத்து நடத்தும் நேர்காணல் முதலிடத்தில் நின்றது. ஆகவே ஒவ்வொரு நேர்காணலருக்கும் தாளிலுள்ள ஒரு விளைவைப் பிரித்துக் கொடுங்கள். ஒருவர் கேட்டதை இன்னொருவர் கேட்கக் கூடாது. மதிப்பெண்ணையும் காரணத்தையும் எழுதிக் கொடுத்த பிறகே கலந்து பேச வேண்டும்.

ஆழமாகத் தோண்ட வேண்டிய இடம் ஒன்று உண்டு. அவர் சொல்லும் பெரிய வெற்றியை எடுத்துக்கொண்டு, ‘அப்போது உங்கள் கையில் என்னவெல்லாம் இருந்தது?’ என்று கேளுங்கள். எவ்வளவு பட்ஜெட், யார் உருவாக்கிய குழு, சந்தை தானாகவே வளர்ந்துகொண்டிருந்ததா, பிராண்டின் பெயர் எவ்வளவு தூக்கிவிட்டது? ஹார்வர்டு வணிகப் பள்ளியின் போரிஸ் கிரோய்ஸ்பெர்க், அமெரிக்க நிதிச் சந்தையான வால் ஸ்ட்ரீட்டின் நட்சத்திரப் பங்கு ஆய்வாளர்களைப் பற்றிச் செய்த ஆராய்ச்சியில், வேறு நிறுவனத்துக்கு மாறியவர்களின் செயல்திறன் பரவலாகச் சரிந்ததைக் காட்டினார். திறமையில் ஒரு பகுதி பழைய அலுவலகத்திலேயே தங்கிவிடுகிறது.

இதற்குப் பலரும் அறிந்த உதாரணம் ரான் ஜான்சன். ஆப்பிளின் சில்லறைக் கடைகளைக் கட்டியெழுப்பியவர். 2011 நவம்பரில் ஜே.சி. பென்னி கடைத்தொடருக்குத் தலைவரானார். கூப்பனையும் அடிக்கடி நடக்கும் தள்ளுபடி விற்பனையையும் கைவிட்டார். ஆனால் அந்தக் கடையின் வாடிக்கையாளர்கள் வந்ததே அதற்காகத்தான். 2012 நிதியாண்டில் விற்பனை நான்கில் ஒரு பங்கு சரிந்தது, 2013 ஏப்ரலில் அவர் வெளியேறினார். ‘முன்பு செய்ததில் எது இங்கே வேலை செய்யாது?’ என்ற கேள்விக்கு ஒரு வேட்பாளரிடம் பதில் இல்லையென்றால் எனக்குக் கவலை வந்துவிடும்.

இறுதியாக, ரகசியக் காப்பு ஒப்பந்தம் போட்டுவிட்டு உண்மையான கணக்குகளைக் கொடுத்து, அவருடைய எதிர்காலக் குழுவோடு இரண்டு மணி நேரம் ஒரு நிஜப் பிரச்சினையைப் பேச விடுங்கள். எப்படிக் கேட்கிறார், யாரை இடைமறிக்கிறார், தெரியாததைத் தெரியாது என்கிறாரா என்பதெல்லாம் அங்கே தெரியும். வீட்டுக்குக் கொடுத்தனுப்பி ஐம்பது பக்கத் திட்டம் கேட்காதீர்கள். இலவச ஆலோசனை வாங்கப் பார்க்கிறீர்கள் என்று நினைப்பார்.

7. விசாரணையை ஆஃபருக்கு முன் முடியுங்கள்

சாதாரண ஆளெடுப்பில் ரெஃபரன்ஸ், அதாவது முன்பு அவரோடு வேலை செய்தவர்களிடம் விசாரிப்பது, ஆஃபருக்குப் பின் நடக்கும் சடங்கு. இங்கே அது தேர்வின் ஒரு பகுதி. முடிவு செய்துவிட்ட பிறகு கெட்ட சேதி வந்தால் யாரும் காதில் வாங்க மாட்டார்கள்.

அவர் தரும் பெயர்கள் நல்லதைத்தான் சொல்லும். அவருடைய ஒப்புதலோடு, அவருக்குக் கீழே வேலை செய்தவர், அவரோடு மோதியவர், அவரை நியமித்தவர் என்று நீங்களாகச் சிலரைக் கண்டுபிடித்துப் பேசுங்கள். இப்போது வேலை செய்யும் இடத்தில் மட்டும் விசாரிக்கவே கூடாது. இந்த அழைப்புகளை முடிவெடுப்பவரே செய்வது நல்லது, சம அந்தஸ்தில் உள்ளவரிடம்தான் மனம் திறப்பார்கள். ‘நல்லவரா?’ என்று கேட்டால் ‘ஆமாம்’ என்பார்கள். ‘எந்த மாதிரி வேலைக்கு அவரை மறுபடி எடுப்பீர்கள், எதற்கு எடுக்க மாட்டீர்கள்?’ என்று கேளுங்கள். இரண்டாவது பாதிக்கு வரும் பதில்தான் உங்களுக்கு வேண்டியது.

பட்டம், பழைய பதவிகள், வேறு நிறுவனங்களில் இயக்குநர் பொறுப்பு, வழக்குகள் ஆகியவற்றையும் சட்டம் அனுமதிக்கும் அளவுக்குச் சரிபாருங்கள். ‘இவ்வளவு பெரிய ஆளிடம் போய்ப் பட்டச் சான்றிதழ் கேட்பதா’ என்று விட்டுவிடுகிறார்கள். 2012 ஜனவரியில் யாஹூவின் தலைவரான ஸ்காட் தாம்சன், தன்னிடம் இல்லாத கணினி அறிவியல் பட்டம் தன் விவரக்குறிப்பில் இடம்பெற்றிருந்த சர்ச்சையில் அதே ஆண்டு மே மாதமே விலகினார். பங்குதாரர் ஒருவர் கிளப்பிய பிறகுதான் அது வெளியே வந்தது.

8. பணத்தைப் பற்றி

இதைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள். இரண்டாவது சந்திப்பிலேயே தோராயமான எல்லைகளைச் சொல்லிக்கொள்ளுங்கள். பழைய சம்பளத்தோடு முப்பது விழுக்காடு கூட்டித் தரும் கணக்கு இங்கே செல்லாது. மேல்மட்டத்தில் மாதச் சம்பளம் ஊதியத்தின் ஒரு பகுதிதான்.

கேட்க வேண்டியது, விலகினால் அவர் எதையெல்லாம் இழப்பார் என்று. ஆண்டு போனஸ் எந்த மாதம் வரும்? கைக்கு வராத பங்குகள் எவ்வளவு, எந்தத் தேதியில் வரும்? ஸ்டாக் ஆப்ஷன்கள், அதாவது நிறுவனப் பங்குகளை முன்பே குறித்த விலையில் வாங்கும் உரிமைகள், பரவலாக நான்கு ஆண்டில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொந்தமாகும், முதல் ஆண்டு முடியும்வரை ஒன்றும் கிடைக்காது. போனஸ் மார்ச்சில் வருகிறதென்றால் ஜனவரியில் வரச் சொல்வது உங்களுக்குத்தான் செலவு. சில இடங்களில் பழைய சம்பளத்தைக் கேட்பதற்கே சட்டத் தடை உண்டு. அங்கே எதிர்பார்ப்பை மட்டும் கேட்டு, மற்றதை அவராகச் சொல்ல விடுங்கள்.

இழப்பை ஈடுகட்டும் தொகையை இரண்டு தவணையாகக் கொடுங்கள். குறிப்பிட்ட காலத்துக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு. பிரிந்துபோனால் என்ன கொடுப்பது என்பதையும் இப்போதே பேசுங்கள், சங்கடமாக இருந்தாலும். டிஸ்னியில் 1995-இல் சேர்ந்த மைக்கேல் ஓவிட்ஸ் அடுத்த ஆண்டு இறுதியிலேயே வெளியேறியபோது, ஏறத்தாழ 14 கோடி டாலர் கொண்டுபோனார். பங்குதாரர்கள் தொடுத்த வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்தது, இயக்குநர்கள் சட்டப்படி தப்பினார்கள். பணம் மட்டும் திரும்பவில்லை. ஒவ்வொரு விதமான வெளியேற்றத்துக்கும் தொகை எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டு இயக்குநர் குழுவுக்குக் காட்டுங்கள்.

போட்டித் தடை ஒப்பந்தம், அதாவது விலகிய பின் போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது என்ற ஒப்பந்தம், அவரிடம் இருந்தால் உங்கள் வழக்கறிஞர் படித்துவிட்டுச் சொல்லட்டும்.

9. ஆஃபர் முதல் சேரும் நாள் வரை

கையெழுத்தானதும் வேலை முடிந்தது என்று ஓய்ந்துவிடுவார்கள். ஆபத்தான காலம் அப்போதுதான் தொடங்குகிறது. அவர் ராஜினாமாவைச் சொன்ன அன்றே பழைய நிறுவனம் கூடுதல் பணமோ புதிய பதவியோ நீட்டும். இதை ஆஃபருக்கு முன்பே கேட்டுவிடுங்கள்: ‘அவர்கள் இரட்டிப்பாகத் தருகிறோம் என்றால் என்ன சொல்வீர்கள்?’ பதில் தடுமாறினால், அவரை அலைக்கழிப்பது பணமா வேறெதுவுமா என்று இன்னும் பேச வேண்டும். ஊர் மாற வேண்டியிருந்தால் குடும்பத்தாரிடமும் பேசியாக வேண்டும். கடைசி வாரத்தில் ‘வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை’ என்று வரும் மறுப்பு, உண்மையில் மூன்று மாதம் முன்பே இருந்ததுதான்.

நோட்டீஸ் காலத்தில் அவ்வப்போது சந்தியுங்கள். ஆனால் வேலை கொடுக்காதீர்கள், பழைய நிறுவனத்தின் தகவல் எதையும் கேட்காதீர்கள். இரண்டாம் இடத்தில் வந்தவரிடம் உண்மையைச் சொல்லித் தொடர்பில் இருங்கள். அறிவிக்கும்போது முதலில் தேர்வாகாத உள்ளாள், பிறகு அவருடைய குழு, அப்புறம் நிறுவனம் முழுக்க, கடைசியாக வெளியுலகம்.

10. முதல் நூறு நாள்

இரண்டாம் படியில் எழுதிய தாளை முதல் நாளே அவர் கையில் கொடுங்கள். முப்பதாம், அறுபதாம், தொண்ணூறாம் நாளில் முடிவெடுத்தவர் அதை வைத்துக்கொண்டு அவரோடு உட்கார வேண்டும். மனிதவளத் துறை தனியாக அவருடைய குழுவோடு பேச வேண்டும்.

பழைய தலைவர் அதே கட்டடத்தில் இருந்தால் அவர் எந்தக் கூட்டத்துக்கு வரமாட்டார் என்று எழுதிக்கொள்ளுங்கள். நிறுவனரிடம் நேராகப் போய்ப் பழகிய ஊழியர்கள் புதியவரைத் தாண்டிப் போய்க்கொண்டேயிருப்பார்கள். அவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டியவர் நிறுவனர்தான். இதைப் புதியவர் சேரும் முன்பே நிறுவனரிடம் பேசி ஒப்புதல் வாங்குங்கள்.

தேடல் நிறுவனத்தின் உத்தரவாதக் காலம் முடிவதற்கு ஒரு மாதம் முன்பாக, காலண்டரில் ஒரு கூட்டத்தைப் போட்டு வையுங்கள். ‘தொடர்வதா’ என்ற கேள்வியை அன்று முடிவெடுப்பவர்கள் எல்லோரும் தாளைப் பார்த்துப் பேசட்டும். தேதி தாண்டிவிட்டால் அடுத்த தேடலுக்கு முழுக் கட்டணம்.